செவ்வாய்க்கிழமை பார்த்த வீடு

ஜெசிந்தாவிடம் வீட்டுத் தரகு கற்றுக்கொண்டவர்கள் ஆறேழு பேர். அவர்களில் குருவைவிட வயதில் மூத்தவர் சபாபதி ஒருவர்தான். ஜெசிந்தாவுக்கு நாற்பத்திரண்டு. சபாபதிக்கு ஐம்பத்தொன்று.

சபாபதி ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளர். திங்கள் முதல் சனி வரை பகலெல்லாம் அங்கே. மாலை ஆறுக்குமேல் போனில் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை வீடு காட்டுவார். மற்ற தரகர்கள் அவருக்கு 'சண்டே சபாபதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை மாலை அவர் ஜெசிந்தாவின் அலுவலகத்துக்கு வந்தார். திருச்சியில், உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்தை ஒட்டி, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி.

"ஜெசிந்தாம்மா, ஒண்ணு கேக்கணும்."

"உட்கார்ந்து கேளுங்கண்ணே."

அவர் உட்காரவில்லை.

"பாதி நேரம் வேலை பாக்குறவன் ஒருத்தருக்கு முழுசா நல்லது செய்ய முடியுமா?"

ஜெசிந்தா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. அதான் பயமா இருக்கு. எல்லாம் சரியாத்தான் போகுது. ஆனா எதையோ விட்டுட்ட மாதிரியே இருக்கு. லேப்ல நின்னா இந்த ஞாபகம். இங்க வந்தா லேப் ஞாபகம். மெயின் சுவிட்சை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு."

"பூட்டினீங்களா?"

"பூட்டினேன். பாதி வழில திரும்பிப் போயும் பாத்துட்டேன்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"இப்பக் கையில யாரு?"

"தவமணின்னு ஒரு நர்ஸம்மா."

தவமணிக்கு நிரந்தர இரவுப் பணி. காலை எட்டுக்கு வீடு வந்தால் ஒன்பதுக்குப் படுத்து நாலுக்கு எழ வேண்டும். கணவர் பஸ் டிரைவர். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் இவர் வீட்டுக்கு வருவார். இருக்கிற வீட்டின் உரிமையாளர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இன்னும் பன்னிரண்டு நாள்.

"முதல் நாளே சொல்லிட்டாங்கம்மா. 'தண்ணி உப்பா இருந்தாலும் பரவாயில்லை, மாடிப்படி ஏறணும்னாலும் பரவாயில்லை, பகல்ல தூக்கம் வரணும் சார்'னு. போன மாசம் தூக்கக் கலக்கத்துல ஒரு மருந்தை அளவு மாத்தி ஊசியில எடுத்துட்டாங்களாம். பக்கத்துல இருந்த பொண்ணு பாத்துத் தடுத்திருக்கு. சொல்லும்போதே கை நடுங்குச்சு அவங்களுக்கு."

"வீடு பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. நேத்து அவங்க டியூட்டி முடிச்சு நேரா வந்தாங்க. கதவைச் சாத்தினா கிணத்துக்குள்ள நிக்குற மாதிரி இருந்துச்சு. சுவத்துல சாஞ்சு அப்படியே கண்ணை மூடிட்டாங்க. புதன்கிழமை அட்வான்ஸ் குடுக்குறாங்க."

"எந்த வீடு?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், முட்டுச்சந்துல கடைசி வீடு. வைரக்கண்ணு வீடு."

ஜெசிந்தா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு அங்க வந்துடுங்க. ஒரு பாயும் தலையணையும் எடுத்துட்டு வாங்க."

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமைம்மா."

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை யாரும் வீடு பாக்க மாட்டாங்களே."

"ஆமா. யாரும் பாத்ததில்லை."

"எனக்கு பிராக்டிகல் பரீட்சை வேற நடக்குது."

"நீங்க கேட்டதுக்கு இங்க உட்கார்ந்து பதில் சொல்ல எனக்குத் தெரியலைண்ணே. லீவு கிடைக்குமா, பாருங்க."

சபாபதி துறைத் தலைவருக்கு போன் செய்தார். என்ன விஷயம் என்று அவர் கேட்டார். ஒரு வீட்டில் போய்ப் படுக்க வேண்டும் என்று சொல்ல சபாபதிக்கு வாய் வரவில்லை. சொந்த வேலை என்றார். பரீட்சை நாளில் சொந்த வேலையா என்றார் அவர். ஆனாலும் லீவு கொடுத்தார்.

மறுநாள் ஸ்கூட்டரின் முன்னால் பாயைச் சுருட்டி நிறுத்திக்கொண்டு சபாபதி போனபோது ஜெசிந்தா வாசலில் நின்றிருந்தார். வைரக்கண்ணு சாவியோடு வந்தார். இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடை வைத்திருப்பவர். பாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னங்க?"

"பாய்," என்றார் சபாபதி.

"பாய்னு தெரியுது. எதுக்கு?"

"அண்ணன் உள்ள கொஞ்சம் படுத்துப் பாக்கட்டும்," என்றார் ஜெசிந்தா.

"போட்டுப் பாக்குறதுக்கு இது என்ன சட்டையா?"

"வர்றவங்க இதுலதான படுக்கப் போறாங்க."

"பால் காய்ச்சாம ஒரு ஆளு படுக்குறதா? அதுவும் செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு ஆகாதும்மா."

"ஆகாதுன்னா சாயங்காலம் நானே வந்து சூடம் ஏத்திட்டுப் போறேன்."

"நீங்க கோயிலுக்குப் போற ஆளா, சர்ச்சுக்குப் போற ஆளா?"

"அப்ப மெழுகுவத்தி ஏத்துறேன்."

வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். கடையில் ஆளில்லை என்று போய்விட்டார்.

உள்ளே ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சபாபதி படுக்கையறையில் பாயை விரித்தார். ஜெசிந்தா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம்மா?"

"அந்தம்மா எத்தனை மணி வரைக்கும் தூங்கணும்?"

"நாலு."

"அப்ப நாலு."

சபாபதி படுத்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். வெயில் உள்ளே வரவில்லை. தூரத்தில் ஏதோ ஒரு வண்டி போனது, பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்த அதே அமைதி. அவருக்கு மனது கொஞ்சம் இளகியது. ஒன்றையும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் இந்நேரம் பரீட்சைக்கு முதல் அணி மாணவர்கள் உள்ளே போயிருப்பார்கள். கண் சொருகியது.

பத்து மணிக்குத் தலைமாட்டுச் சுவர் அதிர்ந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தகரத்தில் சுத்தியல். ஐந்தாறு அடி விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது.

"என்னம்மா அது?"

"பீரோ பட்டறை. வாசல் அடுத்த தெருவுல இருக்கு. பின்சுவர்தான் இந்தப் பக்கம்."

"ஞாயித்துக்கிழமை..."

"லீவு."

சபாபதி எழப் போனார்.

"படுங்கண்ணே. மணி பத்துதான் ஆகுது."

அவர் படுத்தார். அடி விழும்போதுகூடப் பரவாயில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. நின்றபிறகு அடுத்தது எப்போது என்று காது காத்துக்கொண்டிருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. தகட்டை வெட்டும் இயந்திரம் இடையிடையே பல் கூசும்படி இழுத்தது. அவர் தலையணையை எடுத்துக் காதின்மேல் வைத்துப் பார்த்தார். மூச்சு முட்டியது. எடுத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு, "முன்னறைல கொஞ்சம் கம்மியா இருக்குமோ?" என்றார்.

"அங்க போட்டுப் பாருங்க."

பாயை முன்னறைக்கு இழுத்துப் போட்டார். கொஞ்சம் கம்மியாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஒரு மணிக்குப் பட்டறையில் சாப்பாட்டு வேளை. திடீரென்று எல்லாம் அடங்கியது. சபாபதி தன்னையறியாமல் தூங்கிப்போனார். இரண்டு மணிக்கு முதல் அடி விழுந்தபோது எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் துள்ளி எழுந்தார். கை நடுங்கியது. அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுபடி படுத்தார். நாலு மணி வரை படுத்திருந்தார்.

சாவி வாங்க வைரக்கண்ணு வந்தார்.

"என்ன சார், தூக்கம் வந்துச்சா?"

"பின்னாடி பட்டறை இருக்குன்னு நீங்க சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடும் சார். எங்களுக்கெல்லாம் பழகலையா?"

"நீங்க பகல்ல வீட்டுல இருப்பீங்களா?"

"கடையில இருப்பேன்." வைரக்கண்ணு குரலைத் தணித்தார். "அந்தம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சு. நாளைக்கு நல்ல நாளு. இப்பப் போயி எதையாவது சொல்லிக் குட்டையைக் குழப்பாதீங்க. பழகிடும்."

பழகிடும். சபாபதி அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது.

பாயைச் சுருட்டினார்.

"நீங்களும் வர்றீங்களாம்மா? அவங்க இப்ப முழிச்சிருப்பாங்க."

"நான் வரலைண்ணே. போயிட்டு ஆபீசுக்கு வாங்க."

தவமணி அப்போதுதான் எழுந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. வீட்டுக்குள் சுவரோரமாய் நாலைந்து அட்டைப்பெட்டிகள், பாத்திரங்கள் பழைய புடவையில் மூட்டையாக. சபாபதி செருப்பைக் கழற்றினார், உள்ளே போகவில்லை.

"அந்த வீடு வேணாம்மா."

"ஏன் சார், வேற யாருக்காவது குடுத்துட்டாங்களா?"

"இல்லைம்மா. பின்னாடி பீரோ பட்டறை இருக்கு. காலைல பத்துலேர்ந்து தகரம் அடிக்கிறாங்க. இன்னிக்குப் பூரா அங்க படுத்துப் பாத்தேன். தூங்க முடியாது."

தவமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க படுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"நேத்து நைட்டு வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார். வீடு கிடைச்சுடுச்சுன்னு. அமைதியான வீடுன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன்."

"இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சு?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதைக் கேட்டு அந்தம்மா என்ன செய்யப்போகிறார் என்று தோன்றியது. தவமணி திரும்பி அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். மேலே இருந்த ஒன்றைத் திறந்து ஒரு டம்ளரை வெளியே எடுத்தார். தண்ணீர் மொண்டு அவரிடம் கொடுத்தார்.

"குடிங்க. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு உங்களுக்கு."

அவர் குடித்தார்.

"வேற பாருங்க சார். ஆனா இனிமே ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிடாதீங்க."

ஜெசிந்தாவின் அலுவலகத்துக்கு அவர் திரும்பும்போது ஆறு மணி. இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். வேற பாக்கச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை கூப்பிட வேணாம்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"பதினோரு நாள்ல எனக்கு எத்தனை பகல் கிடைக்கும்மா? லீவு இனிமே தர மாட்டாங்க." அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இதை விட்டுடலாம்னு இருக்கேன். அந்தம்மாவை நீங்களே எடுத்துக்குங்க. நாள் பூரா இந்தத் தெருவையே சுத்துற ஆளா இருந்தா இது நடந்திருக்காது. உங்களுக்கெல்லாம் பட்டறை இருக்குறது முதல்லயே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை. பாதி ஆளு பாதி வேலைதான் செய்வான்."

வெளியே ஜெராக்ஸ் கடையில் ஷட்டரை இறக்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு சபாபதியின் தோள் குலுங்கியது. ஜெசிந்தா அதைப் பார்த்தார்.

"வைரக்கண்ணு வீட்டை இதுக்கு முன்னாடி மூணு குடும்பத்துக்குக் காட்டினது நான்தான்."

சபாபதி நிமிர்ந்தார்.

"பட்டறை இருக்குறது தெரியும். சத்தம் இவ்வளவுன்னு இன்னிக்குத்தான் தெரியும். வாசப்படியிலேயே என்னால உட்கார முடியலை."

ஜெசிந்தா தொடர்ந்தார்.

"ரெண்டாவதா வந்தவங்க கைக்குழந்தையோட வந்தாங்க. நாலே மாசம். காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. சாவியைக் குடுக்கும்போது அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சு. எனக்கு அடுத்த போன் வந்துடுச்சு. ஏன் போறீங்கன்னு நான் கேக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமையே வேற ஒருத்தருக்கு வீட்டைக் காட்டிட்டேன்."

ஜெசிந்தா மேசைமேல் கவிழ்ந்திருந்த போனைத் தள்ளி வைத்தார்.

"அப்பவும் நான் முழுநேரம்தான்ணே."