மக்காத இலை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் நஞ்சுண்டன். கதையில் வரும் சீடரும் அவரேதான்.

மகன் இறந்த பிறகு, அவனை மறக்க வேண்டும் என்று நீலகிரியில் ஒரு சிறிய மடத்துக்குப் போனார். அங்கே குருவாக இருந்த அம்மையார் அவரைவிட இளையவர். மழைக்காலங்கள் போயின. துக்கம் போகவில்லை.

ஒரு கோடைக் காலையில் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“ஊருக்குப் போறேனுங்க அம்மா. எல்லாம் ஒரு நாள் மக்கிடும்னு ஊர்ல சொன்னாங்க. எனக்குள்ள ஒண்ணும் மக்கல.”

“போங்க. சதுப்பு வரைக்கும் நானும் வர்றேன்.”

புல்வெளி நடுவே, பள்ளத்தில் இருந்தது சதுப்பு. கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. அம்மையார் ஒரு கை தண்ணீர் அள்ளி நீட்டினார்.

“பால் ஊத்தாத டீ மாதிரி இருக்குங்க.”

“சர்க்கரை கேக்காதீங்க. மோந்து பாருங்க.”

நாற்றமே இல்லை.

அம்மையார் குந்தி உட்கார்ந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு ஓர் இலையை எடுத்தார். கறுத்திருந்தது. நரம்புகூடக் கெடவில்லை.

“இங்க மரமே இல்லீங்களே!”

“எப்பவோ இருந்திருக்கு.”

“அப்ப விழுந்ததா? இன்னுமா மக்கல?”

“இந்தத் தண்ணி விடாது. ஓடாம நிக்குது, குளிருது, கொஞ்சம் புளிக்கும். அழுக வைக்கிற கிருமிக்கு ஆகாது. செத்த புல்லு அப்படியே தங்கும். அதுமேல புதுப் புல்லு. அதுவும் செத்துத் தங்கும். சதுப்புன்னா அவ்வளவுதான்.”

“தங்கி என்னங்க பிரயோசனம்?”

அம்மையார் அந்தச் செத்த புல்லில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். முழங்கை வழியே தண்ணீர் கொட்டியது.

“மழையில குடிச்சது. ஓடையெல்லாம் வத்தின இந்த வெயில்ல, கீழ ஊருக்கு இதுதான் போகுது. மக்கியிருந்தா, இதைப் பிடிச்சு வைக்க இங்க என்ன இருந்திருக்கும்?”

நஞ்சுண்டன் இரு கையாலும் அள்ளிக் குடித்தாராம். அழுதாராம். அன்றே ஊருக்கு வந்துவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிடுவார்.

எனக்குத்தான் உறுத்தல். துக்கத்தை விடு என்று சொல்லாத குருவும் உண்டா? அது என்ன இலை, எவ்வளவு ஆழம் என்று துருவிக்கொண்டே இருந்தேன். அவர் சலிக்காமல் பதில் சொன்னார்.

போன வாரம், அவர் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, இத்தனை வருடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்:

“அண்ணே, உங்க பையன் பேரு என்ன?”