கடைசி பெஞ்சுப் பிள்ளை

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் முத்துக்கனிக்கு ஒரே மகள், மதிவதனி. ஒன்பது வயது, காது கேட்காது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் படிக்கவைக்கும் திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவரைப் பள்ளி வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டு வருஷமாகியும் அப்படி யாரும் வரவில்லை. மதிவதனி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதினாள். முத்து முத்தான எழுத்து. ஒருநாள் நோட்டில் ‘பூனை’ என்றிருந்ததைத் தொட்டு, இது என்ன என்று முத்துக்கனி கையால் கேட்டாள். பிள்ளை மலங்க மலங்க விழித்தது.

அந்த வாரமே அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல். திட்டத்தில் படிக்கும் ஐந்து பிள்ளைகளின் தாய்மாரையும் தாளாளர் கூப்பிட்டார்.

“சைகை ஆசிரியர் இருக்கார்னு சொல்லிருங்க. இல்லேன்னா திட்டத்துக்கான அனுமதி போயிரும். அஞ்சு பிள்ளைகளும் வீட்லதான் இருக்கணும்.”

வெளியே வந்ததும் அந்தத் தாய்மாரில் ஒருத்தியான ஷகிலா முத்துக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் சக்கர நாற்காலியில் வருபவன். “அக்கா, இவனுக்குப் பாடம் நல்லா புரியுது. நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருக்கிறது இந்தப் பள்ளிக்கூடம் ஒண்ணுதான். கெடுத்துராதீங்க.”

“அப்ப எம்பிள்ள படிப்பு?”

ஷகிலா பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

ஆய்வன்று அதிகாரி தாய்மாரிடம் கேட்டபோது, “இருக்காங்க சார்,” என்று ஷகிலா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அங்கே நின்ற மதிவதனியின் வகுப்பாசிரியை அமலோற்பவம் எல்லாம் தெரிந்தவர். வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. முத்துக்கனி எழுந்தாள்.

“இல்ல சார். ரெண்டு வருஷமா இல்ல. எம்பிள்ளைக்குப் பார்த்து எழுதத்தான் பழக்கியிருக்காங்க. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது.”

திட்டத்திலிருந்து பள்ளி நீக்கப்பட்டது. ஐந்து பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். வேறு பள்ளி இன்னும் கிடைக்கவில்லை. தாளாளர் மற்றப் பிள்ளைகளை வைத்துப் பள்ளியை வழக்கம்போல நடத்துகிறார். ஷகிலா முத்துக்கனியோடு பேசுவதில்லை.

உண்மையைச் சொன்ன முத்துக்கனி, பொய் சொன்ன ஷகிலா, பேசாமலிருந்த அமலோற்பவம் — இதில் யார் செய்தது சரி?

விடை: முத்துக்கனி செய்ததே சரி. அவள் பேசாதிருந்தால் அந்தக் குழந்தைக்காகப் பேச வேறு யாருமில்லை. ஷகிலாவின் பொய்யை மன்னிக்கலாம். மகனின் படிப்பைப் பிணையாக வைத்து மிரட்டி வாங்கிய பொய் அது. அமலோற்பவத்தை மன்னிக்க முடியாது. மதிவதனிக்கு எதுவும் புரியவில்லை என்று கண்டுகொள்ளத் தாய்க்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. ஆசிரியைக்கு இரண்டு வருஷம் இருந்தது. ஆனால் இந்த மூன்று பெண்களையும் நாம் கூண்டில் நிறுத்துகிறோம்; குற்றம் செய்த தாளாளரை விட்டுப் பிள்ளைகளைத் தண்டித்தார்களே, அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவரை யார் கேட்பது?