பாய்க் கூடத்துக்குப் பார்க்க வந்தவர்

முகிற்பட்டினம் என்று ஓர் ஊர். எந்தக் கடற்கரையில் என்று கேட்டு என்னை மடக்காதீர்கள். நானே கனவில் போய்வந்தவன் மாதிரிதான் சொல்கிறேன். அங்கே பொழுது விடிந்தாலும் மூடுபனி விலகாது. கரையோரம் ஒரு பெரிய கூடம். கப்பல் பாய்களை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, கீழே உட்கார்ந்து தைப்பார்கள். கடற்காற்று உள்ளே நுழைந்தால் அத்தனை பாயும் மெல்ல உப்பும். கூடமே எங்கோ புறப்பட்டுப் போவது போல இருக்கும். தைக்கிறவர்களும் பாதித் தூக்கத்தில்தான் தைத்தார்கள். அதுதான் வினையாகிப் போனது.

ஒரு மழைக்காலத்தில் நடுக்கடலில் பாய் கிழிந்து, போன கப்பல் திரும்பவே இல்லை. அரசர் கூடத்தின் தலைவன் சேந்தனை அழைத்தார். "அடுத்த கப்பலின் பாய் கிழிந்தால் கூடத்தை இழுத்துப் பூட்டிவிடுவேன்" என்றார். அந்த அடுத்த கப்பலில் போகவிருந்தவர்களில் ஒருவன், கூடத்தில் தைக்கும் அல்லியாளின் கணவன். சேந்தனுக்குப் பிழைப்புக் கவலை. அவளுக்கு உயிர்க் கவலை.

சேந்தன் முதலில் கத்திப் பார்த்தான். பயத்தில் எல்லாருடைய தையலும் கோணியது. பிறகு, வேகமாகத் தைப்பவருக்குத் தங்க மோதிரம் என்று ஆசை காட்டினான். அடடா, அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! ஒருவர் ஊசியை ஒருவர் ஒளித்து வைத்தார்கள். தையல் முழ நீளத்துக்குப் போனது. தலையில் கைவைத்து உட்கார்ந்த சேந்தன், ஒருநாள் வெளியூர் போய் ஆதிரையான் என்ற நடுவயதுக்காரரைக் கூட்டி வந்தான்.

"இனிமேல் இவர் உங்கள் வேலையைப் பார்ப்பார். திட்டமாட்டார், பரிசும் தரமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான்" என்றான்.

ஆதிரையான் பனிக்குள் தொங்கும் கயிறுகளைப் பிடித்தபடி மெதுவாக நடந்தார். பூவன் என்பவனின் பாயருகே நின்று துணியைத் தடவினார்.

"இதை எப்படித் தைத்தாய்? சொல்."

"எப்படின்னா? ஊசியாலதான்" என்றான் பூவன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நகரவில்லை.

"காற்று முதலில் எந்த ஓரத்தில் வந்து மோதும்?"

பூவன் சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. "அந்த ஓரத்தை நான் ஒழுங்கா மடிக்கலை" என்று முனகி, தானே பிரித்துத் தைத்தான். மறுநாள் அவர் எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். இப்படியே கூடம் விழித்துக்கொண்டது. ஆதிரையானிடம் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமே என்பதற்காகவே ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்துத் தைத்தார்கள்.

அல்லியாள் தன் பாயின் மூலையில், கணவனுக்காகச் சிவப்பு நூலில் ஒரு சின்னப் பறவை தைத்தாள். ஆதிரையான் அதற்கு நேராக நின்றார். துணியைத் தடவினார், மடிப்பைப் பற்றிக் கேட்டார். பறவையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். அந்தக் கண்கள் அசையவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் யாருக்குக் காட்டினோம்? கூடத்தின் நடுவில் நின்று கத்திவிடத்தான் போனாள். பூவன் தலைநிமிராமல் தைத்துக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால் அத்தனை ஊசியும் நின்றுவிடும். அந்தப் பாயின் கீழேதான் அவள் கணவன் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தே, முன்னைவிட நெருக்கமாகத் தைத்தாள்.

கப்பல் போனது. புயலில் சிக்கியது. மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒருநாள் சிவப்புப் பறவை கரைக்கு வந்தது. பாயில் ஒரு நூல் கூடப் பிரியவில்லை.

கூடத்தை எழுப்பியவருக்குப் பொற்சங்கு தருவதாக அரசர் அறிவித்தார். சபையில் சேந்தன் முந்திக்கொண்டான். "அவரைத் தேடிப் பிடித்தவன் நான். அவருக்குக் கண் தெரியாது. திட்டினாலும் கெட்டது, பரிசு காட்டினாலும் கெட்டது. அதனால் குறை கண்டுபிடிக்க முடியாத ஆள் வேண்டும் என்றுதான் கூட்டி வந்தேன்!"

"ஏமாத்திட்டீங்களே!" என்று பூவன் அழாத குறையாகக் கத்தினான்.

"கண் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தப்புதான்" என்று தலைகுனிந்தார் ஆதிரையான்.

"எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தைத்தேன்" என்றாள் அல்லியாள்.

அரசர் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார். ஆளைக் கொண்டுவந்தவன் ஒருவன். பார்க்காமலே பார்க்க வந்தவர் ஒருவர். பார்ப்பார் இல்லை என்று தெரிந்தும் கை தளராதவள் ஒருத்தி. பொற்சங்கு யாருக்குச் சேர வேண்டும்? அவசரப்பட்டு அல்லியாள் என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, நானே சொல்கிறேன். சேந்தன் கொண்டுவந்தது ஒரு பொய்யை. அது பலித்தது அவன் சாமர்த்தியம் அல்ல. அல்லியாள் பெரிய மனுஷி, சந்தேகமே இல்லை. ஆனால் அவள் ஊசியை ஓட்டியது கணவன் உயிர். கூடத்தை எழுப்பியது அவள் அல்ல. ஆதிரையானோ ஒருநாளும் "பார்த்தேன்" என்று சொல்லவில்லை. "பார்ப்பார்" என்று சொன்னவன் சேந்தன். அவர் சொன்னதெல்லாம் "சொல்" என்பதுதான். கண் இருந்திருந்தால், எல்லா மேற்பார்வைக்காரர்களையும் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருப்பார். இல்லாததால் நின்று கேட்டார். கேட்க ஓர் ஆள் கிடைத்ததும், சொல்லத் தகுந்தபடி வேலை செய்தார்கள். அரசரும் அப்படித்தான் நினைத்தார். சங்கை ஆதிரையான் கையில் கொடுத்தார். அவர் அதை விளிம்பு விளிம்பாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து, "இதைச் செய்தவர் எங்கே? கொஞ்சம் கூப்பிடுங்கள், எப்படிச் செய்தார் என்று கேட்க வேண்டும்" என்றார்.