கடைசி கட்டர்

கோவையில், பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் எஃகு அச்சுகளைச் செய்யும் ஒரு பட்டறை. அதில் நுண்வேலைப் பிரிவுக்குத் தலைவி சுபைதா. முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவரிடம் வேலை கற்க வந்த குழந்தைவேலுக்கோ தலை முழுக்க நரைத்திருந்தது. பெரிய மில்லிங் மெஷின்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர்.

தலைமுடியைவிடச் சற்றே தடித்த, சுழன்று எஃகைச் சீவும் கட்டர்கள் அவருக்குப் புதிது. சூடேற்றிக் கடினமாக்கிய எஃகில் அவை முறிந்துகொண்டே இருந்தன. முறிய முறிய அவர் ஃபீடைக் குறைத்தார், அதாவது கட்டர் எஃகுக்குள் முன்னேறும் வேகத்தை. குறைக்கக் குறைக்க இன்னும் சீக்கிரம் முறிந்தன.

அதெல்லாம் சோதனைத் துண்டில். இன்று மெஷினில் இருந்தது நிஜ அச்சு. குறைமாதக் குழந்தைகளுக்கு வைக்கும் மூச்சுக் குழாயில் பொருத்தும் வால்வுக்கானது. அதில் குடையும் பள்ளத்துக்குள் கட்டர் முறிந்து சிக்கினால் அச்சே வீண். அந்த அளவில் மிஞ்சியிருந்ததும் ஒரே ஒரு கட்டர்தான்.

பள்ளத்தில் முதல் சுற்று பாதி முடிந்திருந்தது. கட்டர் கீச்சென்று மெல்லக் கத்திக்கொண்டே ஊர்ந்தது. குழந்தைவேலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சுபைதா வந்து பக்கத்தில் நின்றார்.

“மேடம், இதுக்கு மேல எப்படிங்க மெதுவாப் போறது?”

சுபைதா மெஷினை நிறுத்தினார். கட்டரை மேலே தூக்கினார். திரையில் ஃபீடை மாற்றினார்.

குழந்தைவேல் எண்ணைப் பார்த்தார்.

“ஒரு சைபர் கூடிப்போச்சுங்க.”

“கூடலைங்ணா.”

“மேடம், கடைசி கட்டருங்க இது!”

“தெரியும்.”

சுபைதா ஓட்டத்தைத் தொடங்கினார். குழந்தைவேலின் கை மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனுக்குப் பாய்ந்தது. அதற்கு முன்பே பட்டனை மறைத்தபடி சுபைதாவின் உள்ளங்கை இருந்தது. குழந்தைவேல் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கீச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

“போச்சு” என்றார். “எல்லாம் போச்சுங்க.”

“கண்ணைத் திறங்க.”

கட்டர் போய்க்கொண்டிருந்தது. ஓசையே இல்லை. அதன் பின்னால் எஃகு பொடிப்பொடியாகச் சிதறியது. குழந்தைவேல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சுற்று முடிந்ததும் சுபைதா அவரை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். அவர் ஓட்டிய பாதியில் விளிம்பெல்லாம் பிசிறு. தரை நசுங்கி இழுபட்டிருந்தது. சுபைதா ஓட்டிய பாதி தெளிவாக இருந்தது.

“என் பாதி வீணாங்க?”

“இல்ல. இன்னும் ஆழம் போகணும். அதுல சீவிடலாம்.”

பிறகு பழைய கட்டர் ஒன்றின் முனையை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். பார்த்ததும் குழந்தைவேல் திகைத்தார்.

“இது கூராவே இல்லீங்களே. உருண்டையா இருக்குது!”

“இவ்வளவு பெருசாக்கிப் பார்த்தா புதுசும் கொஞ்சம் உருண்டைதாங்ணா. அந்த உருண்டையைவிட மெல்லிசாச் சீவப் பார்த்தா?”

குழந்தைவேல் யோசித்தார்.

“சீவாதுங்க. எஃகு நசுங்கி அடியில நழுவிரும்.”

“நழுவி?”

“திரும்ப எழும்பும். எழும்பி...” அவர் நிறுத்தினார். “முட்டும். கட்டர் சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் முட்டி, முறிச்சிரும்.”

“இப்ப நான் வெச்ச ஃபீடுக்கு ரொம்ப மேல போனாலும் உடையும். பார்த்துக்குங்க. மீதிய நீங்க ஓட்டுங்க.”

“நானா?”

சுபைதா நகர்ந்து இடம் விட்டார். குழந்தைவேல் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடங்கும் பட்டனை அழுத்தினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. சுற்றுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பள்ளம் முழு ஆழத்துக்கு வந்தது. கட்டர் முழுதாக மேலே எழுந்தது.

அவர் அச்சைக் குனிந்து பார்த்தார். உடைந்த கட்டர்களெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“பூவைத் தொடற மாதிரித்தானுங்க மேடம் எஃகைத் தொட்டேன், ஒவ்வொரு தடவையும்.”

“ஆமாங்ணா” என்றார் சுபைதா. “தொட்டுக்கிட்டேதான் இருந்தீங்க.”