சும்மா கிடைத்த கூடு

ஒரு காட்டில், மருதமரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கும் கரையில், விலங்குகளின் கல்லூரி ஒன்று நடந்துவந்தது. யானைதான் முதல்வர். பாட ஓலைகளையும் மாணவர்களின் விடை ஓலைகளையும் காப்பது அணிலின் வேலை.

அந்த ஓலைகள் முதலில் நரியின் குகையில் இருந்தன. குகைக் கதவைத் திறக்கும் வித்தை நரிக்கு மட்டுமே தெரியும். மனம் வந்தால் திறக்கும். வராவிட்டால், "நாளைக்கு வா" என்று கொட்டாவி விடும். தேர்வு நாளன்றுகூட அணில் அதன் வாசலில் தவம் கிடந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த யானை, தூக்கணாங்குருவியிடம் போயிற்று.

"ஓலைகளை வைக்க எங்களுக்கு ஒரு பெரிய கூடு வேண்டும்."

"அதற்கென்ன ஐயா! என் பின்னலில் ஒளிவு மறைவு இல்லை. சும்மாவே தருகிறேன். உங்கள் வசதிக்கு அறைகளைக் கூட்டுங்கள், குறையுங்கள். ஆனால் இரண்டு பேரை அனுப்புங்கள். முடிச்சுப் போடச் சொல்லித் தருகிறேன். நார் காய்ந்தால் முடிச்சு தளரும்."

"சும்மா கிடைப்பதற்குப் படிப்பு வேறா?" என்று யானை சிரித்தது.

மருதக் கிளையில் பத்து அறைக் கூடு தொங்கியது. யாரும் எப்போதும் வந்து ஓலை எடுக்கலாம். அணிலுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி.

கோடை முடியும் நேரம். அடிப்பக்கத்தில் ஒரு முடிச்சு நெகிழ்ந்திருப்பதை அணில் கண்டது. மறுநாள் மூன்று. உள்ளே இருந்தவை இறுதித் தேர்வு ஓலைகள். அவை போனால் மாணவர்களின் மூன்று ஆண்டுப் படிப்புக்குச் சாட்சியே இல்லை.

"ஐயா, முடிச்சு அவிழ்கிறது. குருவியிடம் யாரையாவது அனுப்பலாமா?"

"நேற்றும் இதையேதான் சொன்னாய். கூடு விழுந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை, ஐயா. மழை வந்தால்..."

"சும்மா இரு!"

அணில் சும்மா இருந்தது. வாய்தான் சும்மா இருந்தது. மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் தானே குருவியிடம் ஓடி, ஒரே ஒரு முடிச்சைக் கற்றுக்கொண்டு வந்தது. முதல் அறையை இறுக்கியது. இரண்டாவது, மூன்றாவது. அதற்குள் வானம் கறுத்துவிட்டது. அவசரத்தில் நார் வழுக்கியது. "ஐயோ, இன்னும் ஏழு இருக்கிறதே!" என்று புலம்பிக்கொண்டே நான்காவது அறையைப் பிடித்தது.

மழையோடு காற்று ஓங்கி அடித்தது. ஆறு அறைகள் அறுந்து ஆற்றில் விழுந்தன.

"என் ஓலை! என் ஓலை!" என்று மான்குட்டி தண்ணீரில் பாய்ந்தது. வெள்ளம் அதற்கு ஓர் ஓலையைக்கூடத் திருப்பித் தரவில்லை.

யானை ஆத்திரத்தோடு பிளிறியது. "ஏ குருவியே! உன் கூடு அறுந்துவிட்டது, பார்!"

குருவி நனைந்த சிறகை உதறியது. "என் கூடா? கொடுத்த அன்றைக்கே அது உங்கள் கூடு ஆயிற்றே, ஐயா!"

யானை மெல்ல அணிலின் அருகே வந்து, "அந்த முடிச்சை எப்படிப் போடுவது?" என்று கேட்டது.

அணில் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது அறையின் நாரை இரண்டு கைகளாலும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

நீதி: சும்மா கிடைத்ததைச் சும்மா விட்டால் நிலைக்காது.