பொடிச்சி பிடித்த வாயு

ஒரு காட்டில் காய் பழுப்பதே பெருந்தொல்லையாகப் போயிற்று. கேளுங்கள் பிள்ளைகளே!

அடைமழை பிடித்துக்கொண்டால் அங்கே ஒரு மாதம் இரை தேட முடியாது. அதனால் விலங்குகள் வாழைத்தார்களைப் பச்சையாகவே பறித்து ஒரு குகையில் அடுக்கின. குகைப் பாறையில் ஒரு பிளவு. அதிலிருந்து இரண்டு வாயுக்கள் கலந்து வந்தன. ஒன்று வண்டு அண்டாமல் காக்கும். மற்றொன்று காயைக் கண்டால் போதும், பழுக்கவைத்துவிடும்! நிறம், மணம், பருமன் எதிலும் வித்தியாசமே கிடையாது.

மூன்றே நாளில் பாதித் தார்கள் பழுத்து அழுகின. கரடிக்குக் கோபம் தலைக்கேறியது.

"மிச்சமும் அழுகினால் மழைக்கு உன் புற்றைத் தோண்டித் தின்பேன்!" என்று வாசலில் நின்ற கரையானிடம் உறுமியது.

அந்தக் கரையானின் பெயர் பொடிச்சி. பாவம், புற்றில் அன்றுதான் ஆயிரம் குஞ்சுகள் பொரித்திருந்தன.

"விலகுங்கள், ஊதியே தள்ளுகிறேன்!" என்றது யானை. ஊதிற்று. இரண்டு வாயுக்களும் ஓடின. யானை மூச்சு வாங்கியதும் இரண்டும் திரும்பி வந்தன.

"முட்டாளே, சல்லடை கட்ட வேண்டும். சிறியது போகும், பெரியது நிற்கும்" என்று நரி தென்னை மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையை உரித்துப் பிளவின்மேல் கட்டியது. இரண்டும் ஒரே பருமன் ஆயிற்றே! கைகோத்துக்கொண்டு வெளியே வந்தன.

பொடிச்சி குகையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மூலையில் ஒரு தார் மட்டும் கல்லுப்போலப் பச்சையாக இருந்தது. அதற்கும் பிளவுக்கும் நடுவே பழைய புற்றுத் துண்டு ஒன்று கிடந்தது. பொடிச்சி அதன் துளைக்குள் நுழைந்து பார்த்தது. அடேயப்பா! பழுக்கவைக்கும் வாயு துளைச் சுவரெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது. மற்றது ஒட்டாமல் போய்விட்டிருந்தது. அதனால்தான் அந்தத் தார் பழுக்கவில்லை!

"கரடி அண்ணா, பிளவை மறைத்து ஒரு புற்றுச்சுவர் கட்டட்டுமா?"

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "என் சல்லடையில் நிற்காதது உன் ஓட்டைச் சுவரில் நிற்குமா?"

"நீ அளவைப் பார்த்தாய், நரி அண்ணா. அது ஒட்டிக்கொள்கிற குணம் உள்ளது. நான் அதை வைத்துப் பிடிக்கிறேன்."

"மூன்று நாள் தருகிறேன். ஒரு காய் மஞ்சளித்தாலும் உன் புற்று தரைமட்டம்!" என்றது கரடி.

கரையான் படை திரண்டது. ஆயிரமாயிரம் துளைகளோடு சுவர் எழுந்தது. நான்காம் நாள் கரடி ஒவ்வொரு தாராக அமுக்கிப் பார்த்தது. எல்லாம் பச்சை! வண்டும் இல்லை.

"சரி, பச்சைக் காயை எப்படித் தின்பதாம்?" என்று நரி கிண்டலடித்தது.

பொடிச்சி சுவரில் ஒரு கட்டியைப் பெயர்க்கச் சொன்னது. "கரடி அண்ணா, இதையும் ஒரு தாரையும் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்."

கரடியின் சூடு பட்டதும் ஒட்டியிருந்த வாயு மெல்லக் கழன்றது. இரண்டு நாளில் தார் பொன்னாய்ப் பழுத்தது! வெறுங்கட்டியைப் பொடிச்சி மீண்டும் சுவரில் பதிக்கவைத்தது. அது மறுபடியும் வாயுவைப் பிடிக்கத் தொடங்கியது.

மழை கொட்டியது. குகைக்குள் ஒரே விருந்து! யானை பிளிறியது. நரி சத்தமில்லாமல் தன் பன்னாடையைச் சுருட்டிக்கொண்டது. கரடியோ பொடிச்சியைத் தலையில் ஏற்றிக்கொண்டு புற்றின் முன்னால் போய் நின்றது.

"இந்தப் புற்றை எவனாவது தொட்டான், அவனை நான் தொடுவேன்!" என்று காடே அதிர உறுமியது.

நீதி: உருவத்தில் ஒன்றாக இருப்பவற்றையும் குணம் அறிந்தவர் எளிதில் பிரித்தறிவர்.