நண்டு போட்ட வட்டம்

அந்தக் காலத்தில் நண்டு நேராகத்தான் நடந்துகொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், கேளுங்கள். நண்டு பேசினால் மனிதருக்குப் புரியும், மனிதர் பேசினால் நண்டுக்குப் புரியும். நான் சொல்லும் தீவில் நண்டுகள் ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். கண்ணில் எது பட்டாலும், குறுக்கே என்ன இருக்கிறது என்று பாராமல் நேரே அதை நோக்கி ஓடும். அப்படி ஓர் அவசரக்குடுக்கை.

தீவு இருந்தது கிரேக்க தேசத்துக் கடலில். அங்கே பிலின்னா என்று ஒருத்தி இருந்தாள். கப்பலில் வந்துபோன கணக்கறிஞர்களிடம் வடிவியல் கற்றவள். கற்றதைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் மீன் பிடிப்பவர், ஆடு மேய்ப்பவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கடற்கரை மணலில் வரைந்து சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான்: "சொன்னால் போதாது, காட்டு." இந்தக் கோடும் அந்தக் கோடும் சமம் என்று யாராவது வாயைத் திறந்தால், உடனே குச்சியை அவர் கையில் திணித்துவிடுவாள். கொஞ்ச நாளில் தீவு முழுக்க இந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது. மீன்காரி "இன்றைக்குப் பிடித்த மீன்" என்றால்கூட "காட்டு" என்று வம்புக்கு நிற்பார்கள்.

வட்டம் போட அவளிடம் நடுவில் அடிக்க ஒரு முளையும் அதில் கட்டக் கயிறும்தான் இருந்தன. கடல் ஈரத்தில் கயிறு இழுபடும், வட்டம் கோழிமுட்டை ஆகிவிடும். இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு நண்டு தானாகவே வந்து நின்றது.

"ஒரு கொடுக்கால் நடு முளையைப் பிடித்துக்கொள்கிறேன். பின்னங்காலால் மணலைக் கீறிக்கொண்டே சுற்றி வருகிறேன். அகட்டினால் அகட்டினபடியே நிற்பேன். உன் கயிறு மாதிரி நான் இளக மாட்டேன்" என்றது.

அதிலிருந்து பிலின்னா எங்கே குச்சியை எடுத்தாலும் பக்கத்தில் நண்டு. இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம்.

அந்த வருடம் தீவின் ஒரே ஊற்று வற்றிப்போயிற்று. தீவில் மூன்று ஊர். மூன்றிலிருந்தும் ஒரே தூரத்தில் பொதுக்கிணறு வெட்டுவது என்று பேசி முடித்தார்கள். இடம் குறிக்கும் பொறுப்பு பிலின்னாவின் அண்ணன் கிளைத்தோனுக்கு வந்தது. நல்லவன்தான், ஆனால் மகா சோம்பேறி. தங்கை இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியது அவன் காதில் மட்டும் ஏறவில்லை. மலைமேல் ஏறி நின்று மூன்று ஊரையும் ஒரு பார்வை பார்த்தான். "அதோ, அதுதான் நடு" என்று கையை நீட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

கிணறு வெட்டினார்கள். தெற்கூர்ப் பெண்கள் குடத்தோடு நடந்து எண்ணிப் பார்த்தால், மற்ற இரண்டு ஊரைவிட எழுநூறு அடி அதிகம்! "வேண்டுமென்றே எங்களை ஒதுக்கிவிட்டான்" என்று தெற்கூரே அரிவாளோடு கிளம்பியது. மற்ற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா?

தீவின் தலைவர் பெலாகோன் பார்த்தார். கிளைத்தோனைப் பிடித்துக் கடலோரப் பாறையின் உச்சியில் கட்டி நிறுத்தினார்.

"சூரியன் கடலைத் தொடுவதற்குள் சரியான இடத்தை யாராவது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இவனைத் தள்ளிவிடுவேன். மூன்று ஊரும் வெட்டிக்கொண்டு சாவதைவிட ஒருவன் சாவது மேல்."

பிலின்னா கடற்கரைக்கு ஓடினாள். ஊருக்கு ஊர் உள்ள தூரம் அவளுக்கு மனப்பாடம். ஆயிரம் அடிக்கு ஒரு சாண் என்று வைத்து மூன்று கூழாங்கற்களை மணலில் பதித்தாள். ஒரு கல் ஓர் ஊர். நண்டு தன் காலின் அகலத்தை மாற்றாமல் ஒவ்வொரு கல்லையும் நடுவாக வைத்து வளைவு போட்டது. இரண்டு கல்லின் வளைவுகள் வெட்டிக்கொண்ட இடங்களைச் சேர்த்து அவள் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் அந்த இரண்டு ஊரும் ஒரே தூரம். அடுத்த இரண்டு கல்லுக்கு இன்னொரு கோடு. கோடும் கோடும் ஒரு புள்ளியில் வெட்டின.

"கிடைத்துவிட்டது! எல்லோரும் வாருங்கள்!" என்று அலறினாள்.

பெலாகோன் முன்னால் வர, மூன்று ஊர்க் கூட்டமும் பாறையிலிருந்து இறங்கி வந்தது. நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. "தலைவரே, நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்!" என்று கூவிக்கொண்டு நேரே ஓடியது. வளைவு, கோடு, புள்ளி எல்லாவற்றின் மேலும் அதன் எட்டுக் கால்களும் ஏறிப் போயின. ஒரு கல்கூட இருந்த இடத்தில் இல்லை.

"எங்கே அம்மா?" என்றார் பெலாகோன்.

பிலின்னா உழுதுபோட்ட மணலைப் பார்த்தாள். "இங்கேதான் ஐயா இருந்தது. இந்த இடத்தில்தான். சத்தியமாகச் சொல்கிறேன்."

அரிவாளோடு நின்ற தெற்கூர்க்காரி ஒருத்தி சொன்னாள். "சொன்னால் போதாது, காட்டு. நீ சொல்லிக்கொடுத்ததுதானே!"

சூரியன் கடலுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நின்றது. மாலைக் காற்றில் அலை மேலே மேலே வந்துகொண்டிருந்தது. பாறை உச்சியிலிருந்து அண்ணன் பிலின்னாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நண்டைக் கல்லால் நசுக்கிவிடலாம் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு.

"தெரியாமல் செய்துவிட்டேன், பிலின்னா. பாவி நான்" என்று நண்டு அழுதது.

"அழுவதற்கு நேரம் இல்லை. வா இங்கே. முளையைப் பார்த்து நில். முகத்தைத் திருப்பாதே, முன்னால் ஒரு அடி வைக்காதே. முளையைப் பார்த்தபடியே பக்கத்தில் பக்கத்தில் காலை எடுத்து வை. நான் போதும் என்று சொல்கிற வரை எதுவும் உன் கண்ணில் படக்கூடாது. கேட்டதா?"

"கேட்டது. நீ சொல்கிற வரை."

மறுபடி கல் பதித்தாள். மறுபடி வளைவு, மறுபடி கோடு. இந்த முறை நண்டின் கால் இம்மியும் பிசகவில்லை. புள்ளி கிடைத்ததும் அங்கே முளையை அடித்தாள். நண்டு ஒரு கொடுக்கால் முளையைப் பற்றிக்கொண்டு, பின்னங்காலை வடக்கூர்க் கல்லின் மேல் வைத்தது.

"இந்தக் கல்லிலிருந்து புறப்படுகிறது. மற்ற இரண்டு கல்லையும் தொட்டால், மூன்று ஊரும் ஒரே தூரம். பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள் பிலின்னா.

நண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. கிழக்கூர்க் கல்லில் 'டக்' என்று கால் பட்டது. அப்போது ஓர் அலை வந்து, துள்ளத் துள்ள ஒரு மீனை நண்டின் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போயிற்று. அட கடவுளே! பிலின்னா கண்ணை மூடிக்கொண்டாள். மீன் நண்டின் காலில் வாலால் அடித்தது. நண்டு முளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

'டக்.' தெற்கூர்க் கல்.

தெற்கூர்க்காரி குனிந்து, முளைக்கும் கல்லுக்கும் நடுவே எத்தனை சாண் என்று அளந்து பார்த்தாள். நிமிர்ந்து, அரிவாளை மணலில் போட்டாள். "சரிதான்" என்றாள். "அந்தப் பிள்ளையை அவிழ்த்துவிடுங்கள்!"

சூரியன் கடலைத் தொடப் போனது. பிலின்னா பாறையை நோக்கி ஓட, பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஓடியது. கட்டை அவிழ்த்ததும் அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இனிமேல் கண்ணால் அளப்பாயா? அளப்பாயா, சொல்!"

"மாட்டேன், தங்கச்சி. எப்படி அம்மா கண்டுபிடித்தாய்?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நண்டு! போதும் என்று சொல்லவே இல்லை.

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். கரையில் வட்டம் இல்லை, முளை இல்லை, நண்டும் இல்லை; அலை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தது. "போதும்! போதும், வந்துவிடு!" என்று குரல் போகும்வரை கத்தினாள். அலைச் சத்தத்தில் அது நண்டின் காதுக்குப் போகவில்லை.

அளந்த சாண் கணக்குப்படியே புதுக் கிணறு வெட்டினார்கள். பிறகு பிலின்னா வெண்கலத்தில் இரண்டு கால் வைத்து, வட்டம் போட ஒரு கருவி செய்துகொண்டாள். அதற்கு நண்டின் பெயரையே வைத்தாள். கிரேக்கர்கள் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தது அதனால்தான் என்று இந்தக் கதை சொல்கிறது.

நண்டோ, அன்று வைத்த காலை இன்னும் மாற்றவில்லை. அன்று முதல்தான் உலகத்து நண்டெல்லாம் பக்கவாட்டிலேயே நடக்கிறது, யாராவது வந்து போதும் என்று சொல்வார்கள் என்று.